சோப்பின் ஆயுள் பலம்

இல்லறத்திலே செலவாகும் வஸ்துக்களுள், எப்படிப் போயிற்று, எங்கே போயிற்று, யாரால் போயிற்று என்று எந்த விசாரணையாலும் கண்டுபிடிக்க முடியாதபடி மறைந்து போகும் இயல்புடையவை இரண்டு. ஒன்று மாதச் சம்பளம், மற்றொன்று குளியலறைச் சோப்பு. முன்னதைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் பெரிய பெரிய கிரந்தங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் படித்தவர் வீட்டில் சம்பளம் ஒரு நாளாவது கூடுதலாகத் தங்கியது என்று நான் கேள்விப்பட்டதில்லை. பின்னதைப் பற்றி, அதிலும் விசேஷமாகச் சவரத்துக்கென்றே செய்யப்படும் சோப்பைப் பற்றி, விஷயம் தெரிந்த ஒருவர் எழுதினால் அது லோகோபகாரமாக இருக்கும் என்று தோன்றியதாலும், அப்படி விஷயம் தெரிந்தவர் எங்கள் தெருவில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லாததாலும், இந்தக் காரியத்தை நானே மேற்கொள்ள வேண்டியதாயிற்று.

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்தே உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். அந்நாளில் சவரம் எனக்கு ஒரு பொருட்டே அன்று. 1949-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, பிற்பாடு நம் தேசத்தையும் எட்டிப் பார்த்த அந்தத் தகர டப்பா நுரையை, தலையில் ஓர் அழுத்து அழுத்திப் புஸ்ஸென்று கையில் வாங்கி, முகத்தில் அப்பி, நின்ற நிலையிலேயே வழித்து எறிந்துவிட்டுப் பழவந்தாங்கல் ஸ்டேஷனில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவதுதான் வழக்கம். ஓய்வு பெற்று, அறுபதாம் கல்யாணமும் நடந்தேறியபோது, லண்டனிலிருந்து வந்திருந்த என் மைத்துனன், மற்றவர்களைப் போல் வேஷ்டியோ வெள்ளிக் கிண்ணமோ கொடுக்காமல், ஒரு பிரஷ்ஷும், இரு பக்கமும் கூருள்ள பிளேடு பொருத்தும் பழைய மாதிரி ரேஸரும், மரக் கிண்ணத்தில் பதித்த வட்டமான சோப்பு ஒன்றும் கொண்டுவந்து கொடுத்து, “அத்தான், இனிமே உங்களுக்கு என்ன அவசரம்? நிதானமா, ரசிச்சுப் பண்ணுங்க” என்றான்.

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. வெந்நீரில் ஊறிய பிரஷ்ஷைக் கட்டியின் மேல் வட்டமிட்டுச் சுழற்றி, கிண்ணத்தில் நுரை திரண்டு எழும்புவதைப் பார்த்து, அதைக் கன்னத்திலும் மோவாயிலும் கழுத்திலும் மேலும் கீழுமாகப் பூசி, ரோமம் இளகும் வரை கண்ணாடியில் தெரியும் அந்த வெண்தாடி மகரிஷியைச் சற்று நேரம் மரியாதையுடன் தரிசித்து, பிறகு ரேஸரை அதன் சொந்தக் கனத்திலேயே இறங்கவிட்டு வழிப்பதில் இருக்கும் சுகம், பென்ஷன்தாரர்களுக்கு அரசாங்கம் அளிக்கும் எந்தச் சலுகையிலும் இல்லை. ஒரே குறை, சோப்புத்தான். சீமையிலிருந்து வந்த அந்தக் கட்டி, நான் அதை அனுபவிக்கும் வேகத்தைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாக இளைத்துக்கொண்டே போயிற்று. வழித்தெடுத்த நுரையின் அளவுக்கும் குறைந்துபோன சோப்பின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. இருப்புக்கும் ஏட்டுக்கும் வித்தியாசம் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். விசாரணையை ஆரம்பித்தேன்.

முதற் சந்தேகம் காக்கையின் மேல் விழுந்தது. குளியலறை ஜன்னல் திறந்திருந்தால் காக்கை சோப்பைக் கொத்திக்கொண்டு பறந்துவிடும் என்பது நம் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் காக்கை முழுச் சோப்பையும் கொண்டுபோகுமேயன்றி, தினம் ஒரு சுற்று வழித்துக்கொண்டு மிச்சத்தை நமக்கு விட்டுப்போகும் நாகரிகம் அதற்குக் கிடையாது. அடுத்தபடியாக எலி. எலிக்குச் சோப்பிலுள்ள கொழுப்பின் மேல் ஆசை உண்டு. சீமைச் சோப்புகளிற் பலவற்றில் ஆட்டுக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ சேர்வது வழக்கம்; முதல் மகாயுத்தம் முடிந்த சமயத்திலேயே கோத்ரெஜ் கம்பெனியார் தாவர எண்ணெயால் சோப்புச் செய்து, நம்மவர்களில் ஆசாரமுள்ளவர்களின் சங்கடத்தைத் தீர்த்து வைத்தார்கள். என் கிண்ணத்தில் இருந்ததும் தாவர வர்க்கமே. எலி அவ்வளவு ஆசாரம் பார்க்கிற பிராணி அன்று என்பதால் பூதக்கண்ணாடியை வைத்துப் பல் தடம் தேடினேன், ஒன்றும் இல்லை. மூன்றாவதாக, என் பேரன். கிளிசரின் சேர்ந்த சோப்பு நீரில் ஊதும் குமிழி உடையாமல் வெகுநேரம் மிதக்கும் என்ற ரசாயன உண்மையை அவன் யாரும் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்திருந்தான். ஆனால் அவன் பள்ளி விடுமுறையில் மட்டுமே எங்களிடம் வருகிறவன். அவன் ஊரில் இல்லாத நாட்களிலும் சோப்பு இளைத்தது.

எஞ்சியவர் என் இல்லாள். கொலுசும் குங்குமச் சிமிழும் திடீரென்று ஒரு நாள் பிரகாசமாக இருந்ததைக் குறிப்பெடுத்து வைத்திருந்த நான், தக்க சந்தர்ப்பத்தில் அதைப் பிரஸ்தாபித்தேன்.

“ஆமாங்க, ஒரு தடவை அதுல தேய்ச்சேன். பளிச்சுன்னு ஆயிடுச்சு. அதுக்கு ஒரு கமிஷன் போடணுமா? உங்க சோப்பை யாரும் எடுக்கலை. அதை எப்பப் பார்த்தாலும் தண்ணியிலேயே ஊறப் போட்டு வெச்சிருக்கீங்களே, அது கரையாம என்ன செய்யும்?” என்று கேட்டுவிட்டு, அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

தணிக்கை சாஸ்திரத்தில் ஒரு விதி உண்டு. தகவல் யாரிடமிருந்து வந்தாலும், அதைச் சுயமாகச் சரிபார்த்த பின்பே ஏற்க வேண்டும். அதன்படி நான் சோப்பின் பூர்வோத்தரங்களை ஆராயப் புகுந்தேன். எண்ணெயையோ கொழுப்பையோ காரத்துடன் சேர்த்தால் சோப்பு உண்டாகிறது. அந்தக் காரம் காஸ்டிக் சோடாவானால் கட்டி கெட்டியாக நிற்கும். காஸ்டிக் பொட்டாஷானால் சோப்பு குழைவாக, நீர் பட்ட மாத்திரத்தில் இளகுவதாக அமையும். குளிக்கும் சோப்பு பெரும்பாலும் சோடாவின் சந்ததி. சவரச் சோப்பிலோ, பிரஷ் தொட்டவுடன் நுரை எழும்ப வேண்டும் என்பதற்காகப் பொட்டாஷையும் தாராளமாகச் சேர்க்கிறார்கள். எழும்பிய நுரை அடங்காமல் நிற்பதற்காக ஸ்டியரிக் அமிலத்தையும், சருமம் வறளாமல் இருப்பதற்காகக் கிளிசரினையும் கூட்டுகிறார்கள். இந்தக் கிளிசரினுக்குக் காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஆகவே, பிறவியிலேயே கரையும் சுபாவமுள்ள ஒரு பொருளை, கடலோரத்துச் சென்னையின் ஈரக் காற்றிலே, அடியில் நீர் தேங்கிய கிண்ணத்திலே, மேலே மூடியும் போட்டு வைத்தால், அது உபயோகத்தினால் குறைய வேண்டிய அவசியமே இல்லை. தனியே இருந்தே குறைந்துவிடும். பிரஷ் எடுத்துச் செல்வது சொற்பம். நாம் முகத்தைத் துடைத்துக்கொண்டு பத்திரிகை படிக்கப் போன பிறகு கிண்ணத்தின் அடியில் நடப்பதுதான் பெருஞ் சேதம். என் இல்லாள் தந்த தகவல் சரி என்று ஊர்ஜிதமாயிற்று.

இதனால் தண்ணீரே சவரக்காரனுக்குச் சத்துரு என்று முடிவு கட்டிவிடலாகாது. எங்கள் கிராமத்தில், என் சிறு பிராயத்தில், வாரம் ஒரு முறை திண்ணைக்கு வந்து என் பாட்டனாருக்குச் சவரம் செய்த முதிய நாவிதர் சோப்பைக் கண்ணாலும் பார்த்தவர் அல்லர். அவருடைய அடப்பத்தில் கத்தி, சாணைக்கல், தோல் வார், ஒரு துண்டு படிகாரம், பித்தளைக் கிண்ணம் இவ்வளவே இருக்கும். கிண்ணத்தில் கிணற்று நீரை வாங்கிக்கொண்டு, நனைந்த விரல்களால் பாட்டனாரின் மோவாயைப் பிசைந்துகொண்டே, மேலத்தெருச் சமாசாரம் முழுவதையும் சொல்லி முடித்துக் கீழத்தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் கத்தியைத் திறப்பார். அவ்வளவு பேச்சும் வெறும் வம்பு என்று அப்போது நினைத்திருந்தேன். ரோமத்துக்குள் நீர் இறங்கி அது மிருதுவாவதற்கு இரண்டு மூன்று நிமிஷம் பிடிக்கும் என்று இப்போது படித்தபோதுதான், அந்த வம்பு சவரத்தின் இன்றியமையாத அங்கம் என்பது விளங்கிற்று. ரோமத்தை இளக்குவது நீர். அந்த நீர் வழிந்தோடிவிடாமல் முகத்திலேயே நிறுத்தி வைப்பதும், கத்தி வழுக்கிக்கொண்டு போகப் பாதை போட்டுக் கொடுப்பதும் மாத்திரமே சோப்பின் உத்தியோகம். இந்த உத்தியோகத்துக்கு எவ்வளவு சோப்பு போதும் என்பதை அறியாமல்தான் புதியவர்கள் கட்டியைப் போட்டுத் தேய்க்கிறார்கள்.

புதிதாக இந்தச் சவர மார்க்கத்தில் இறங்குகிறவர்களை நான் கவனித்த வரையில், அவர்கள் இரு சாரார். ஒரு சாரார் பிரஷ்ஷை நீரில் முக்கியெடுத்து, சொட்டச் சொட்ட அப்படியே கட்டியின் மேல் வைத்து ஆட்டுகிறார்கள். குமிழி குமிழியாக ஏதோ பொங்குகிறது, கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வழிகிறது, வாஷ்பேசினுக்குள் போகிறது. முகத்துக்கு வந்து சேருவது வெறும் காற்று. இன்னொரு சாரார், சிக்கனம் என்று எண்ணிக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் கட்டியைச் சுரண்டி, களிம்பாக எடுத்துப் பூசிக்கொண்டு, அது முகத்திலேயே காய்ந்து போக, மறுபடியும் சுரண்டுகிறார்கள். இருவரிடமும் செலவாவது சோப்பே. பிரஷ்ஷை நன்றாக ஊறவைத்து, இரண்டு உதறு உதறி, ஈரம் இருந்தும் சொட்டாத பக்குவத்தில் கட்டியின் மேல் லேசாகச் சில சுற்றுச் சுற்றினால், ரோம நுனியில் மெல்லிய பசை ஒன்று ஏறும். அவ்வளவுதான் கட்டியுடன் நமக்குள்ள வியவகாரம். அந்த க்ஷணமே அதை அப்பால் வைத்துவிட வேண்டும். அதன் பிறகு நுரையை வளர்ப்பது தனிக் கிண்ணத்திலோ கன்னத்திலோதான், துளித் துளியாக நீர் சேர்த்து. ஏறிய பசை கைப்பிடி நுரையாகி, இரண்டு மூன்று முறை வழிப்பதற்கும் போதுமானதாகி, கடைசியில் பிரஷ்ஷைப் பிழிந்தால் இன்னும் ஒரு முறைக்கு மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தைக் குழாயில் கழுவிவிட மனம் வராமல் நான் கைகால்களில் தேய்த்துக்கொள்கிறேன். இதைக் கருமித்தனம் என்று சிலர் கருதலாம். அவர்களுடைய சங்கத்துக் கணக்கை நான் தணிக்கை செய்ததில்லை என்பது அவர்கள் பாக்கியம்.

இனி, சவரம் முடிந்த பிற்பாடு கட்டியை எங்கே வைப்பது என்ற மகத்தான பிரச்சினை. அடியில் ஓட்டையும், மேலும் கீழும் காற்றோட்டமும் இருக்க வேண்டும். வட்டக் கட்டி உருண்டுவிடாமல் குழிவாகவும் இருக்க வேண்டும். கடையில் விற்கும் சோப்புப் பெட்டிகளிற் பலவும் நீளச் சோப்புக்கு அமைந்தவை. அவற்றுக்கு ஓட்டை இருந்தாலும், ஓட்டைக்கு அடியில் இன்னொரு தட்டு இருந்து, வடிந்த நீரை மறுபடியும் சோப்புக்கே சமர்ப்பிக்கும். பல நாள் யோசனையில் இருந்த எனக்கு, ஒரு காலைப் பலகாரத்தின்போது விடை கிடைத்தது. பழைய மாதிரி இட்லித் தட்டின் ஒவ்வொரு குழியிலும் சிறு சிறு துவாரங்கள் இருக்கின்றன. குழியின் விட்டம் சவரச் சோப்பின் விட்டத்தைவிட ஒரு நூல் பெரிது. குழியோ நடுவில் தாழ்ந்து ஓரத்தில் உயர்ந்திருப்பதால், தட்டையான கட்டி அதன் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு, அடியில் காற்றுப் புக இடம் விட்டு அமர்ந்துவிடுகிறது. ஆவி மேலே ஏறுவதற்காக ஏற்பட்ட துவாரம், நீர் கீழே இறங்குவதற்கும் ஆட்சேபம் சொல்வதில்லை. இவ்வளவு பொருத்தம் தற்செயலாக அமைந்தது என்று நம்புவதற்கு எனக்குக் கஷ்டமாகவே இருக்கிறது.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது: “நாலு தட்டுல ஒண்ணைக் காணோமே, யாரு எடுத்தது?” அதைத் தொடர்ந்து குளியலறை வாசலில் மற்றொரு குரல்: “அட ராமா! இதென்னங்க, குளியலறையில இட்லி வெந்துக்கிட்டிருக்கு?”

உண்மையில், குழிக்குள் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்த அந்தக் கட்டி, அப்போதுதான் கொப்பரையைத் திறந்து எடுத்த இட்லியைப் போலவே இருந்தது. அதன் சாஸ்திரீய நியாயங்களை நான் விஸ்தாரமாக எடுத்துரைத்தும், அந்தத் தட்டு இனி எந்தக் காலத்திலும் சமையலறைக்குள் வரக்கூடாது என்ற தீர்ப்பே கிடைத்தது. நான் வேண்டியதும் அதுவே. இப்பொழுது சவரம் முடிந்ததும் கட்டியின் மேல் நிற்கும் நுரையைப் பிரஷ்ஷால் துடைத்தெடுத்து, கட்டியை இட்லிக் குழியில் இருத்தி, மின்விசிறியின் காற்று எட்டும் இடத்தில் வைத்துவிடுகிறேன். நன்றாகக் காய்ந்தபின் மரக் கிண்ணத்துக்குப் போகும். கிண்ணத்தின் மூடியோ, விருந்தினர் வரும்போது அழகுக்கு மட்டும்.

சோப்பை விற்கிறவர்கள் இந்த யோசனைகளையெல்லாம் உறையில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். அவர்களுடைய தர்மம் வேறு. கிங் காம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர், பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் விற்பனையாளராக இருந்தபோது, அந்த மூடியைக் கண்டுபிடித்தவரான வில்லியம் பெயின்டர் அவருக்கு ஓர் உபதேசம் செய்தாராம்: உபயோகித்துவிட்டு எறிகிற பொருளாகப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடி, வாங்கினவன் மறுபடியும் வந்தே தீருவான் என்று. அதிலிருந்து பிறந்ததுதான் மாற்றிப் போடும் பிளேடு. 1903-ஆம் ஆண்டு ஜில்லெட் விற்றது 51 ரேஸரும் 168 பிளேடுமே. அடுத்த வருஷமே ரேஸர் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தாண்டிற்று. உபதேசம் பலித்தது. எறிவதற்கென்றே பிளேடு என்றால், கரைவதற்கென்றே சோப்பு. இவர்களுக்கிடையே கோல்கேட் கம்பெனியார் மட்டும் ஒரு காலத்தில், தங்கள் சவரக் குச்சி தேய்ந்து கடைசித் துண்டான பிறகும் அதை எறியாமல், நனைத்துப் புதுக் குச்சியின் தலையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று விளம்பரத்திலேயே சொல்லி வந்தார்கள். வியாபாரியின் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கு வந்ததைப் படித்த அன்று நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. வியாபாரி மாத்திரமல்ல, சர்க்காரும் சவரச் சோப்புக்குச் சலுகை காட்டியதுண்டு. பிரிட்டிஷ் சர்க்கார், இரண்டாவது மகாயுத்தத்தின்போது, 1942 பிப்ரவரியில் சோப்புக்கு ரேஷன் வைத்தபோதும் சவரச் சோப்புக்கு விதிவிலக்கு அளித்தது. குளிப்பதைக் குறைத்தாலும் குறைக்கலாம், தாடியோடு மட்டும் ஆங்கிலேயன் யுத்தம் செய்ய மாட்டான் என்பது மந்திரிமார்களின் அபிப்பிராயம் போலும்.

சோப்பின் ஆயுளைக் குறைக்கும் கிரகங்களுள், தேங்கிய நீருக்கு அடுத்தபடியாக உக்கிரமானது உப்பு நீர். நங்கநல்லூரில் எங்கள் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் கலந்திருக்கின்றன. இந்த நீரில் சோப்பைக் கரைத்தால், சோப்பின் முதற் பங்கு இவற்றுக்குத் தட்சிணையாகப் போய், வெண்ணிறக் கசடாகத் திரிந்து பக்கெட்டின் ஓரத்தில் படிகிறது. தட்சிணை கொடுத்து முடித்த பிறகு மிஞ்சினால்தான் நுரை. கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனபோது, சிறுவாணித் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து வழக்கம்போல் சுழற்றினேன். பாதிச் சுற்றிலேயே கிண்ணம் நிரம்பி, மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் வரை நுரை வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இனி நான் குறுக்கே பேசுவதில்லை.

சென்னைவாசிக்கு இருக்கும் உபாயங்கள் சில. நீரைக் கொதிக்கவைத்து ஆற்றித் தெளியவிட்டால், கடினத்தில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும்; மறு பகுதி எவ்வளவு கொதித்தாலும் அசையாது. குடிநீர் சுத்திகரிக்கும் யந்திரத்தின் நீரை எடுக்கலாம். ஆனால் அந்த யந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீர் கொடுப்பதற்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறது என்பதையும், அரைக் கிராம் சோப்பை மிச்சம் பிடிக்க இத்தனை நீரைக் கொட்டுவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்பதையும் என் இல்லாள் சுட்டிக் காட்டினாள். ஆகையால் நான் வானத்தையே நம்புகிறேன். மொட்டைமாடியில் விழும் மழையை நிலத்துக்குள் இறக்க வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியதே, அந்தக் குழாயின் வாயில், முதல் மழையில் மாடித் தூசியெல்லாம் போன பிறகு ஒரு குடத்தை வைத்துப் பிடித்தால், உப்பின் வாடையே இல்லாத நீர் கிடைக்கிறது. ஒரு சவரத்துக்கு ஒரு செம்பு போதுமாகையால், ஐப்பசி கார்த்திகையில் நிரப்பிய குடங்கள் வெகுநாள் காப்பாற்றுகின்றன. அந்தக் குடங்களைக் கொசு வராமல் துணி கட்டி வைக்கிறேன். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் வந்து, இவ்வளவு பத்திரமாக மூடி வைத்திருக்கும் நீர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் நோட்டில் ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்.

மற்ற யுக்திகள் சில்லறையானவை. புதுச் சோப்பை வாங்கியவுடன் உறையைப் பிரித்துப் பீரோவில் துணிகளுக்கிடையே சில மாதம் வைத்தால், உள்ளிருக்கும் ஈரம் வற்றிக் கட்டி இறுகும். இறுகிய கட்டி மெதுவாகக் கரையும். இடையில் புடைவைகளுக்கு வாசனையும் கிடைப்பதால் இந்த ஓர் ஏற்பாட்டுக்கு மட்டும் வீட்டில் எதிர்ப்பு இல்லை. கடைசியில் சில்லாகத் தேய்ந்து, பிரஷ் பட்டால் ஓடிவிடும் நிலைக்கு வந்ததைக் கேரட் துருவியில் துருவி, ஒரு துளி வெந்நீர் தெளித்துப் புதுக் கட்டியின் மேல் கட்டைவிரலால் அழுத்திவிட வேண்டும். அந்தத் துருவியும் இப்போது இட்லித் தட்டின் அருகிலேயே வாசம் செய்கிறது. அதற்குத் துணையாக, ஏலக்காய் நிறுப்பதற்கு என்று சொல்லி வாங்கிய சிறு மின்னணுத் தராசு ஒன்றும் உண்டு; அதன் விலையில் பல சோப்புகள் வாங்கியிருக்கலாம் என்பதை நான் மறைக்கவில்லை, ஆனால் தணிக்கைச் செலவைச் சரக்கின் விலையில் சேர்ப்பது மரபன்று. அந்தத் தராசின் சாட்சியத்தின்படி, இவ்வளவு பந்தோபஸ்தும் செய்தால் ஒரு சவரத்துக்கு அரைக் கிராம் சோப்புக்கு மேல் செலவாவதில்லை. நூறு கிராம் கட்டி இருநூறு சவரத்துக்கு வரும். என்னைப் போல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சவரம் செய்கிறவனுக்கு, அது ஒரு வருஷத்தையும் தாண்டி நிற்கும்.

சங்கடம் இதன் பிறகே ஆரம்பமாயிற்று. நான் சவரச் சோப்பில் சிரத்தையுள்ளவன் என்ற கீர்த்தி உறவினரிடையே பரவி, பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லாரும் சோப்பே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மைத்துனன் லண்டனிலிருந்து யார் வந்தாலும் ஒன்று கொடுத்தனுப்புகிறான். போதாததற்கு, கடைத்தெருவில் புது வாசனை ஒன்றைக் கண்டால், இதன் ஆயுளையும் சோதித்துப் பார்த்துவிடுவோமே என்று ஆராய்ச்சி நோக்கில் நானும் வாங்கிவிடுகிறேன். சந்தனமும் லாவெண்டரும் எலுமிச்சையும் வேப்பிலையுமாகப் பீரோவின் ஒரு தட்டு முழுவதும் அடைந்து கிடக்கிறது. ஒரு கட்டி தீர வருஷத்துக்கு மேலாகிறது. தட்டில் இருப்பவற்றைக் கணக்கிட்டு, என் ஜாதகத்தில் ஜோசியர் போட்டுக் கொடுத்த ஆயுளுடன் ஒப்பிட்டுப் பார்த்ததில், சோப்புக் கட்சி வெகுதூரம் முந்தி நிற்கிறது. இந்த மார்க்கத்தில் ஈடுபட்ட மற்றவர்களை விசாரித்தேன். சோப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே, என்ன செய்யலாம் என்று கவலையோடு கேட்கும் ஒவ்வொருவர் வீட்டிலும், இன்னும் பிரிக்காத கட்டிகள் அலமாரி நிறைய இருக்கின்றன.

“இவ்வளவு இருக்கே, தாராளமாத் தேய்ச்சுக்கிட்டாத்தான் என்ன?” என்கிறாள் இல்லாள். அது நடவாத காரியம். கையிருப்பு அதிகமாக இருக்கிறது என்பதற்காகச் சேதாரத்தை அனுமதித்த சங்கங்களெல்லாம் என்ன ஆயின என்பதை நான் என் பேனாவாலேயே எழுதியிருக்கிறேன். பேரனுக்கு மீசை அரும்பும் வரை பொறுத்திருந்து, பாதியை அவன் பெயருக்கு மாற்றுவதாகத் தீர்மானித்திருக்கிறேன். அவனோ தாடி வளர்க்கப் போவதாக இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே, புதிதாகப் பிரஷ்ஷைக் கையில் எடுத்திருக்கும் வாசகர் யாரேனும் இருந்தால் அவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. பிரஷ்ஷை உதறிவிட்டுக் கட்டியைத் தொடுங்கள். தொட்ட கட்டியைக் காற்றில் காயவிடுங்கள். முதல் கட்டி தீரும் வரை இரண்டாவதை வாங்காதீர்கள். யாராவது கொடுத்தால் எனக்கு அனுப்பாதீர்கள். இட்லித் தட்டைச் சமையலறையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பாத்திரக் கடையில் கேட்டால் தனித் தட்டாகவும் தருகிறார்கள்.